அழுத பிள்ளையின் கட்சி

நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். இந்த மைக் கரகரவென்கிறதே, பின்வரிசைக்கு நான் பேசுவது கேட்கிறதா? கேட்கவில்லையா? தம்பி, கொஞ்சம் வந்து பாருங்கள். ஒயர்தான் எங்கோ தளர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஹலோ... ஹலோ... ஆங், இப்போது சரி.

கவனித்தீர்களா? எனக்கு முன்னால் எதிரணியிலிருந்து இரண்டு பேர் இதே மைக்கில் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள். “கிடைத்ததை எண்ணி நன்றியோடு இருங்கள், எதற்கெடுத்தாலும் குறை சொல்லாதீர்கள்” என்று அருமையாகப் பேசினார்கள். என்ன ஒன்று, பின்வரிசைக்கு அது கேட்கவே இல்லை. கிடைத்த மைக் போதும் என்று பெருந்தன்மையோடு பேசிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வந்ததும் ஒரே ஒரு புகார் சொன்னேன், சரியாகிவிட்டது. நடுவர் விரும்பினால் இத்தோடு தீர்ப்பை எழுதிவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

முழுதும் பேசச் சொல்கிறார். சரி.

“இன்றைய வாழ்க்கையை நடத்திச் செல்வது நன்றியா, புலம்பலா?” என்பது தலைப்பு. புலம்பலே என்பது எங்கள் கட்சி. இந்தத் தலைப்பில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், “உங்களுக்குத் தயாரிப்பே வேண்டாமே” என்றார் என் மனைவி. அது பாராட்டா புகாரா என்று இன்னும் தெரியவில்லை.

முதலில், எதிரணியினர் தலையில் தூக்கி வைத்து ஆடிய ‘நன்றி’ என்கிற சொல் இன்றைக்கு என்ன கதியில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். போன மாதம் எங்கள் வீட்டில் நான்கு நாள் இணைய இணைப்பு இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, அப்புறம் ஒரு மெல்லிய இசை, அப்புறம் ஒரு குரல்: “பொறுமையாகக் காத்திருப்பதற்கு நன்றி.” நாற்பது நொடிக்கு ஒரு தடவை இது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தேன். ஒரு கூடைத் துணியும் மடித்து முடிந்தது. நன்றி நிற்கவில்லை. அலமாரியில் ஏற்கெனவே மடித்து வைத்திருந்ததை எடுத்துப் பிரித்து மறுபடி மடித்தேன். நாற்பத்திரண்டு நிமிடம்! என்னைப் பெற்றவர்கள்கூட எனக்கு அத்தனை தடவை நன்றி சொன்னதில்லை. கடைசியில் லைன் தானாகவே கட்டாகிவிட்டது. அடுத்த நொடி ஒரு குறுஞ்செய்தி: “எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

வேலையைச் செய்து கொடுக்க வேண்டியவர்கள் வேலைக்குப் பதிலாக நன்றியைக் கொடுத்து அனுப்புகிற காலம் இது. அரசாங்கங்கள் இதை வேறு விதமாகச் செய்யும். பாலம் கட்டித் திறந்துவிட்டு, நாம் நன்றி சொல்லவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பாலம் நம் வரிப்பணத்தில் கட்டியது. அதற்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் கண்ணாடி முன்னால் நின்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

எதிரணித் தோழி, “புலம்புவது நவீன காலத்து நோய், செல்போன் வந்த பிறகு தொற்றிய நோய்” என்றார். அவருக்கு ஒரு பழைய கடிதத்தைக் காட்டுகிறேன். இன்றைய இராக்கில் ஊர் என்று ஒரு பழம்பெரும் நகரம் இருந்தது. நகரத்தின் பெயரே ஊர். ஏயா நாசிர் என்று அங்கே ஒரு செம்பு வியாபாரி. நல்ல செம்புக் கட்டி தருகிறேன் என்று காசை வாங்கிக்கொண்டு மட்டமான சரக்கை எடுத்துக் காட்டியிருக்கிறார். “வேண்டுமானால் எடு, வேண்டாமென்றால் போ” என்று வாடிக்கையாளரின் ஆளை விரட்டியும் விட்டிருக்கிறார். அந்த வாடிக்கையாளர் சும்மா இருந்தாரா? களிமண் பலகையை எடுத்து, ஆப்பு ஆப்பாக எழுத்தைக் குத்தி, முன்னும் பின்னும் நிரப்பி ஒரு புகார் எழுதினார். என் ஆளை எப்படி அவமதிக்கலாம், பகைவர் பிரதேசத்தைக் கடந்து வந்தவனை வெறுங்கையோடு அனுப்பலாமா, இனிமேல் என் இடத்தில் வைத்து நானே பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன் என்று வெளுத்து வாங்கியிருக்கிறார். கிமு 1750 வாக்கில் எழுதியது. இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று அந்த ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். உலகமே இன்று எடுத்துப் படித்துச் சிரிப்பதும் ரசிப்பதும் இந்தப் புகாரைத்தான். எழுதியவர் பெயர் என்ன தெரியுமா? நன்னி. ஓர் எழுத்து மாறியிருந்தால் எதிரணிக்குப் போயிருப்பார். நல்லவேளை, எங்கள் பக்கம் தங்கிவிட்டார்.

சரி, சிரித்தது போதும். எதிரணித் தலைவர் வலுவாக ஒன்று சொன்னார், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். “குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். மன்னர்களுக்கும் வாய்க்காத வாழ்க்கை நமக்கு வாய்த்திருக்கிறது. அதற்கு நன்றி வேண்டாமா?” என்றார்.

நல்ல கேள்வி. குழாயையே எடுத்துக்கொள்வோம். 1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில், பிராட் தெருவில் காலரா வந்தது. பத்தே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்தத் தெருவில் கைப்பம்பு ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் அந்தத் தண்ணீருக்குத் தனி மரியாதை. தெளிவாக இருக்கும், ருசியாக இருக்கும். முன்பு அந்தத் தெருவில் குடியிருந்த ஒரு விதவை, ஹாம்ப்ஸ்டெட் பக்கம் வீடு மாறிப் போன பிறகும் அந்த ருசியை மறக்க முடியாமல், தினமும் வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீரை வரவழைத்துக் குடித்தார். நன்றியுள்ளவர் என்றால் அவரைச் சொல்லலாம். இருந்த தெருவை மறக்கவில்லை, குடித்த தண்ணீரை மறக்கவில்லை. ஹாம்ப்ஸ்டெட்டில் காலராவே இல்லை. அவர் மட்டும் காலராவில் இறந்தார்.

ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் நச்சரித்துக்கொண்டே இருந்தார். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இவர் வீடு வீடாகப் போய், இங்கே எத்தனை பேர் இறந்தார்கள், எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டார். இழவு வீட்டில் போய் இப்படிக் கேட்பவரை நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? கேட்டுக் கணக்கெழுதி, பம்பின் கைப்பிடியைக் கழற்றுங்கள் என்று வட்டார நிர்வாகத்திடம் போய் நின்றார். செப்டம்பர் 8ஆம் தேதி கழற்றினார்கள். அதற்கு முன்பே நோயின் வேகம் தணிய ஆரம்பித்திருந்தது என்பதும் உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் நோய் தண்ணீரில் வருகிறது என்ற அவருடைய வாதத்தின் மேல்தான் இன்று நீங்கள் நன்றியோடு திறக்கிற குழாய் நிற்கிறது. அரசின் சுகாதார வாரியம் அதற்கப்புறமும் அவரை நம்பவில்லை, அது தனிக் கதை.

அரசு எப்போது அசைந்தது? 1858 கோடையில் தேம்ஸ் நதி சாக்கடையாகி நாறியது. நாடாளுமன்றம் இருப்பது அந்த நதிக்கரையில். ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். தாங்க முடியவில்லை. பல ஆண்டு இழுத்தடித்த கழிவுநீர்த் திட்டத்துக்கு அந்தக் கோடை முடிவதற்குள் சட்டம் வந்துவிட்டது. ஊர் மூக்கைப் பிடித்தபோது நகராத கோப்பு, உறுப்பினர்கள் தங்கள் மூக்கைப் பிடித்ததும் பறந்தது. புலம்பல் சரியான மூக்குக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

“நன்றிக் குறிப்பு எழுதுபவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று 2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்களே” என்றார் எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர். ஆமாம், எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவர் செய்த ஆய்வு. நானும் ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டவர்கள், எரிச்சல்களைப் பட்டியலிட்டவர்களைவிட நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அந்த ஆய்வு அளந்தது மனதை. சாக்கடையை யாரும் அளக்கவில்லை. அந்த விதவையும் கடைசி பாட்டில்வரை நிம்மதியாகத்தான் குடித்திருப்பார்.

இதில் இன்னொரு வேடிக்கை. என் போனிலும் ஒரு நன்றிச் செயலி இருக்கிறது. எதிரணி வலையில் நானும் ஒரு காலத்தில் விழுந்தவன்தான். காலை ஏழு மணிக்கு, “இன்று எதற்கு நன்றியோடு இருக்கிறீர்கள்?” என்று கேட்கும். மூன்று நன்றிவரை இலவசம். நான்காவது நன்றிக்குக் கட்டணம்.

இனி நான் சொல்லப்போவதில் சிரிக்க எதுவும் இல்லை.

புலம்பலைத் தடை செய்துவிட்டு நன்றியை மட்டும் அனுமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1958இல் சீனாவில் ‘பெரும் பாய்ச்சல்’ என்ற திட்டம் தொடங்கியது. விளைச்சல் எவ்வளவு என்று மேலே இருந்து கேட்டார்கள். கீழே இருந்தவர்கள் மேலிடம் எதைக் கேட்க விரும்புகிறதோ அதைச் சொன்னார்கள். ஒரு மடங்கு விளைந்தது காகிதத்தில் பல மடங்காகப் போனது. அந்தக் காகிதத்தை நம்பி அரசு தன் பங்குத் தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. விளைவித்தவன் வீட்டில் மிஞ்சியது கொஞ்சம், சில இடங்களில் அதுவும் இல்லை. பத்திரிகைகளைத் திறந்தால் சாதனை, பெருமை, தலைவருக்கு நன்றி.

1959 ஜூலையில் லூஷான் மலையில் கட்சிக் கூட்டம் நடந்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த பெங் தெகுவாய், நிலைமை சரியில்லை என்று மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பணிவாக எழுதிய தனிக் கடிதம். மாவோ அதை எல்லாருக்கும் சுற்றுக்கு விட்டார். அமைச்சர் பதவி போனது. போர்க்களங்களைப் பார்த்த ஒரு படைத்தலைவருக்கே ஒரு கடிதத்துக்கு இந்தக் கதி என்றால், கிராமத்துக் கணக்கர் வாயைத் திறப்பாரா? பஞ்சம் 1961 வரை நீண்டது. கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். தானியம் போதாமல் இறந்தார்கள் என்கிறோம். “இங்கே தானியம் இல்லை” என்று சொல்லக்கூடிய வாய் இல்லாமலும் இறந்தார்கள்.

1998இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். தேர்தலும் ஓரளவு சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பது அவர் வாதம். ஏன்? அங்கே பசித்தவன் சத்தம் போடுவான், பத்திரிகை அதை அச்சிடும், அடுத்த தேர்தல் பயத்தில் ஆட்சியில் இருப்பவருக்குத் தூக்கம் வராது. ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று நம்மவர்கள் ஒரே வரியில் சொன்னதை அவர் பொருளாதாரமாக விரித்தார் என்பேன். எதிரணியினர் ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்றார்கள். நினைக்கலாம், தாராளமாக நினைக்கலாம். முதலில் உப்பு கிடைக்க வேண்டுமே!

அரசாங்கம் என்றாலே திட்ட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அரசுக்குள்ளும் எங்கள் கட்சிக்காரர்கள் உண்டு. 1960இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புதிதாகச் சேர்ந்த பிரான்சிஸ் கெல்சி என்ற மருத்துவரின் மேசைக்கு தாலிடோமைடு என்ற மருந்தின் கோப்பு வந்தது. பல நாடுகளில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மருந்து. இவரோ, சான்று போதாது, இன்னும் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். முசுடு, முட்டுக்கட்டை என்று மருந்துக் கம்பெனிக்கு ஒரே எரிச்சல், மேலதிகாரிகளிடம்வரை போனார்கள். 1961 கடைசியில் உண்மை வெளியே வந்தது. கர்ப்பிணிகள் அந்த மருந்தைச் சாப்பிட்டதால் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்திருந்தன. 1962இல் ஜனாதிபதி கென்னடி கெல்சிக்கு விருது கொடுத்தார். எதிரணி நண்பர்களே, நன்றியும் வந்தது பாருங்கள். கோப்பைத் திருப்பி அனுப்பி இரண்டு வருடம் கழித்து வந்தது.

இப்போது ஊடகத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் என்னை மடக்குவதாக நினைத்து ஒன்று கேட்டார்: “இருபத்துநான்கு மணி நேரமும் ஊடகம் புலம்புகிறதே, புலம்பலால் உலகம் திருந்தும் என்றால் இந்நேரம் சொர்க்கமாகியிருக்க வேண்டுமே?”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன், ஒப்புக்கொள்கிறேன். 1980 மே 8ஆம் தேதி, உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டுவிட்டது என்று உலக சுகாதார மன்றம் அறிவித்தது. அதைவிடப் பெரிய நல்ல செய்தி மனித குலத்துக்கு வந்ததுண்டா? ஜூன் 1ஆம் தேதி, உலகின் முதல் 24 மணி நேரச் செய்தித் தொலைக்காட்சியான சிஎன்என் தொடங்கியது. இடையில் சரியாக 24 நாள். நாள் முழுக்கச் செய்தி சொல்ல ஆள் வருவதற்குள் நல்ல செய்தி முந்திக்கொண்டு வந்துவிட்டது, பாவம்.

ஆனால் அந்த நல்ல செய்தி எப்படி உருவானது என்று பாருங்கள். பெரியம்மையை ஒழித்தவர்கள் ஊர் ஊராகப் போய், இங்கே யாருக்காவது அம்மை இருக்கிறதா என்று தேடினார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசு கொடுத்தார்கள். நோயாளிகள் குறையக் குறையப் பரிசுத் தொகையை ஏற்றினார்கள். கெட்ட செய்தியைக் காசு கொடுத்து வாங்கித்தான் அந்த நல்ல செய்தியை உண்டாக்கினார்கள்.

இன்றைய ஊடகமும் கெட்ட செய்திக்குக் காசு பார்க்கிறது, ஆனால் வேறு விதமாக. 2023இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணையச் செய்தித் தலைப்புகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால், அதைச் சொடுக்குகிறவர்கள் 2.3 சதவீதம் கூடுகிறார்களாம். ‘பயங்கரம்’ என்ற சொல்லுக்குச் சந்தை விலை இருக்கிறது. அங்கே நடப்பது புலம்பல் வியாபாரம். புலம்பல் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவரைத் தவிர எல்லாருக்கும் போய்ச் சேரும்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. பதினொன்றே முக்கால் மணி. படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். ஏதோ ஒரு நாட்டு அமைச்சர் ஏதோ உளறியிருக்கிறார். எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நான்கு பத்தி திட்டி எழுதிப் போட்டேன். அப்புறம்தான் அந்த நாட்டின் தலைநகர் எது என்று தேடிப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து ஜன்னல் பக்கம் போனால், வெளியே கும்மிருட்டு. எங்கள் வாசல் தெருவிளக்கு எரிந்து மூன்று வாரமாகிறது. கீழே ஒரு பெரியவர் போன் வெளிச்சத்தைக் காலடியில் காட்டிக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் தட்டுத்தடுமாறிப் போகிறார். முன்பின் தெரியாத அமைச்சருக்கு நான்கு பத்தி எழுதியவன், இந்த விளக்குக்கு ஒரு வரி எழுதவில்லை.

அந்த ராத்திரியே புகார்ச் செயலியைத் தேடிப் பதிந்தேன். மறுநாள் காலை பதில்: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. நன்றி.” நட்சத்திரமும் கேட்டிருந்தார்கள். வாசலில் போய் அண்ணாந்து பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் எல்லா விளக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ராத்திரி பார்த்தால் அதே இருட்டு. மறுபடி பதிந்தேன். மறுபடி தீர்ந்தது. மூன்றாம் தடவை கம்பத்து எண்ணையும் இருட்டின் புகைப்படத்தையும் சேர்த்துப் போட்டேன். இருட்டைப் படமெடுத்தால் என்ன தெரியும் என்கிறீர்களா? ஒன்றும் தெரியவில்லை, அதுதானே ஆதாரம்!

ஐந்தாம் நாள் சாயங்காலம், தூறலில், ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். ஏறினார், மூடியைக் கழற்றினார், ஒரு ஒயரைச் சுரண்டி முறுக்கினார். பத்து நிமிடத்தில் விளக்கு எரிந்தது. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கியதும் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே, “இந்தத் தெருவுல எத்தனை வீடு சார்?” என்றார். நாற்பது இருக்கும் என்றேன். “உங்க ஒருத்தர் பேர்லதான் புகார் வந்திருக்கு. இன்னும் நாலு பேர் போட்டிருந்தா என்னை முதல் வாரமே அனுப்பியிருப்பாங்க. நாங்க பார்க்குறது எண்ணிக்கையைத்தான் சார்.”

மற்ற முப்பத்தொன்பது வீடுகளும் எதிரணி போலிருக்கிறது.

நடுவர் மணியடித்துவிட்டார். எதிரணி மேசையிலிருந்து நேரம் தாண்டிவிட்டது என்று யாரோ சீட்டு அனுப்பியதை நான் பார்த்தேன். பரவாயில்லை, கடைசி நேரத்திலாவது எங்கள் கட்சிக்கு வந்து சேர்ந்தீர்களே! ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். தம்பி, ஒயரைச் சரிசெய்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து இணைப்பைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, இத்தனை நேரமும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை வலிக்கும், விட்டுவிடுங்கள். உங்களுக்கு நன்றி.